கஸ்தூரியக்காவை யாரிடம் ஒப்படைப்பது?

“நான் ஒண்டியா பஸ் ஏறி ஊருக்குப் போனா என்னா ஆயிடும், மேடம்?”

புறப்படுவதற்கு முந்தின நாள் கஸ்தூரியக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். துணியை மடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார். விதிப்படி யாராவது கூட வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, வேறு வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விட்டேன். திருவண்ணாமலைக்குப் போய் வந்து ஏழு வாரமாகிறது. இப்போதும் துணி மடிக்கும்போது அந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

நான் மார்த்தாண்டம் பக்கத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு திருவனந்தபுரம். மனநிலை பாதிக்கப்பட்டுத் தெருவில் திரிந்த பெண்களைப் பராமரிக்கும் ஒரு தனியார் காப்பகத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். தமிழ் பேசுகிற பெண்களின் கோப்புகளெல்லாம் என் மேசைக்கு வந்துவிடும். கஸ்தூரியக்காவின் கோப்பும் அப்படி வந்ததுதான். வயது நாற்பத்தாறு. ஐந்து வருடத்துக்கு முன்பு ஒரு ரயில் நிலைய நடைமேடையில், காதில் கேட்கும் குரல்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது அழைத்து வரப்பட்டவர். மாத்திரை நன்றாக வேலை செய்தது. இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. காப்பகச் சமையலில் பாதி அவர் செய்வதுதான். உடம்பு கெடுவதற்கு முன்னால் ஊரில் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருந்தவர். கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. தம்பி ஒருவர் இருக்கிறார், பெயர் ஏழுமலை.

அந்தத் தம்பியைத் தேடிப் பிடித்துப் போனில் பேசினோம். அழைத்து வாருங்கள் என்றார். அவ்வளவுதான், பயணம் முடிவாகிவிட்டது. என் கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒப்படைப்பவர் கையெழுத்து, பெற்றுக்கொள்பவர் கையெழுத்து, உறவுமுறை, குடும்பத்தோடு நிற்கும் புகைப்படம். நாலும் நிரம்பினால் கோப்பை மூடிவிடலாம்.

என் மகளுக்கு அப்போது பதினாலு மாதம். அவளை விட்டு ஒரு ராத்திரிகூட இருந்ததில்லை. கணவர் ராபின் விடுப்பு போட்டார். அவருக்கு மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். பிறகு நாலாவது பக்கமும் எழுதினேன். பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது: பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டுப் பைத்தியத்தைக் கொண்டுவிடப் போகிறாளாம், என்ன தாய் இவள். நான் ஜன்னலை மூடவில்லை. விளக்கைப் போட்டு, நான் இருக்கிறேன் என்று தெரியும்படி நின்றேன். அதற்கு மேல் தைரியம் வரவில்லை.

திருவண்ணாமலையில் இறங்கியது காலை வேளை. பௌர்ணமிக்கு மூன்று நாள் இருந்தது. அதற்குள்ளாகவே பேருந்து நிலையத்தில் கூட்டம். ராபின் போன் செய்து, பிள்ளை டம்ளரில் கொடுத்த பாலைத் துப்புகிறாள் என்றார். இரைச்சலுக்காக ஒரு தூணைப் பார்த்துத் திரும்பி நின்று பேசினேன். பேசி முடித்துப் பார்த்தால் கஸ்தூரியக்காவைக் காணோம்.

நாற்பது நிமிடம். கழிப்பறை, பழக்கடை, ஆந்திரா பஸ்கள் நிற்கும் வரிசை என்று எல்லா இடத்திலும், மறுபடி அடித்த போனைக் காதில் வைத்தபடியே ஓடினேன். பச்சைச் சேலை, பச்சைச் சேலை என்று கேட்டதில் நாலைந்து பச்சைச் சேலைகளைக் காட்டினார்கள். மனசுக்குள் காப்பகத்துக்கு எழுத வேண்டிய அறிக்கையின் முதல் வாக்கியம் தயாராகிவிட்டது. அப்போது கஸ்தூரியக்கா இரண்டு டீயோடு எதிரில் வந்தார்.

“எங்க போனீங்கக்கா?”

“தோ, இங்கதான். நம்மூரு பஸ்ஸு எங்க நிக்குதுன்னு கேட்டுனு வந்தேன். நீங்க என்னைத் தாண்டி ரெண்டு வாட்டி ஓடுனீங்க. கூப்புட்டேன். காதுல போனை வச்சுனு ஓடுற ஆளுக்கு எப்பிடிக் கேக்கும்?”

டீ ஆறிப்போயிருந்தது. எங்கள் பக்கத்து டீயைவிட இனிப்பு ஜாஸ்தி. முழுவதும் குடித்தேன்.

முதல் இரண்டு லாட்ஜில் அறை இல்லை. மூன்றாவதில் மூன்றாம் மாடியில் ஒன்று கிடைத்தது. குளியலறை ஜன்னலைத் திறந்தால் மலை முழுசாகத் தெரிந்தது. அறை ஜன்னலைத் திறந்தால் ஒரு தண்ணீர்த் தொட்டி. மதியம் இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். வடகறியை நான் முதல் தடவை சாப்பிட்டேன், இரண்டாம் தடவையும் வாங்கினேன். கஸ்தூரியக்கா ஒவ்வொரு வாயிலும் ஒரு குறை கண்டுபிடித்தபடி, ஆனால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

சாயங்காலம் எனக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. காய்ச்சல் வருவதுபோல் உடம்பு நடுங்கியது. இதையெல்லாம் முன்பே யோசித்துப் பால் எடுக்கும் பம்ப் வாங்கி, அதை வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். கஸ்தூரியக்கா கீழே போய் டீக்கடையில் வெந்நீர் வாங்கி வந்தார். துண்டை நனைத்துப் பிழிந்து கொடுத்தார்.

“ஒத்தடம் குடுத்துட்டுப் பீச்சி வுடுங்க. வெக்கப்படாதீங்க, நான் அந்தாண்ட திரும்பிக்கறேன்.”

சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு அவர் பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொன்னார். முட்டை போடுகிற நாளில் எந்தப் பையன் இரண்டாம் முறை வரிசையில் வந்து நிற்பான், அவனைத் தெரியாதவர் மாதிரி இவர் எப்படி இன்னொரு முட்டை வைப்பார் என்றெல்லாம். யார் யாரைப் பாதுகாப்பாகக் கொண்டுபோகிறார்கள் என்று படிவத்தில் எழுதியிருந்ததை நினைத்தபோது சிரிப்பு வந்தது. வலியும் கொஞ்சம் குறைந்தது.

மறுநாள் கிராமத்துக்குப் போனோம். மினி பஸ்ஸில் எங்கள் காலடியில் யாரோ ஒரு மூட்டை வைத்தார்கள். கஸ்தூரியக்கா கையை விட்டுப் பார்த்து, மல்லாட்டை என்றார். உரித்துக் காட்டிய பிறகுதான் வேர்க்கடலை, எங்கள் ஊர் கப்பலண்டி, என்று எனக்குப் புரிந்தது. மூட்டைக்காரர் நாங்கள் இறங்கும்போது இரண்டு கை நிறைய அள்ளிக் கொடுத்தார்.

ஏழுமலை வீட்டு வாசலில் பெரிய கோலம் போட்டிருந்தார்கள். அவர் மனைவி வசந்தா ஆரத்தித் தட்டோடு வந்தார். ஏழுமலை அக்காவைப் பார்த்ததும் துண்டால் வாயை மூடிக்கொண்டு அழுதார். மூன்று மாதம் அக்காவைத் தேடி அலைந்தாராம். ஒவ்வொரு ஊர் ரயில் நிலையத்திலும் போட்டோவைக் காட்டினாராம். இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். அவர் நல்ல மனிதர். இந்தக் கட்டுரையில் யாரையாவது வில்லனாக்கித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். களியை மெல்லக் கூடாது என்று எனக்குத் தெரியவில்லை. மென்றேன். வசந்தா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. சாப்பிட்டதும் அக்காவுக்காகத் தயார் செய்த அறையைக் காட்டக் கூட்டிப் போனார்கள்.

வீட்டுக்குப் பின்பக்கம், மாட்டுக் கொட்டகையை ஒட்டி. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கட்டில், புதுப் பாய், மின்விசிறி. கதவுக்கு வெளிப்பக்கம் கட்டை விரல் தடிமனில் புதுத் தாழ்ப்பாள், பூட்டோடு. உள்பக்கம் ஒன்றுமில்லை.

கஸ்தூரியக்கா தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துத் தள்ளிப் பார்த்தார்.

“உள்ள எங்கடா தாப்பா?”

“உள்ள எதுக்குக்கா? நாங்க கொல்லிக்கு வேலைக்குப் போறப்போ மட்டும் வெளிய போட்டுக்குவோம். ராத்திரிக்கும். உன் நல்லதுக்குதான்.”

“ராத்திரி ஒண்ணுக்கு வந்தா?”

“கூப்புடு. வசந்தா வந்து தொறப்பா.”

“எழுந்துக்கலன்னா?”

ஏழுமலை என்னைப் பார்த்தார். அக்கா மறுபடி காணாமல் போய்விட்டால் தன்னால் தாங்க முடியாது என்றார். வசந்தா, மாத்திரையையும் தானே சோற்றில் கலந்து கொடுத்துவிடுவதாகச் சொன்னார். கஸ்தூரியக்கா இரண்டு வருடமாகத் தன் மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறவர்.

நான் மாடு கட்டியிருந்த இடத்துக்கு நகர்ந்து, எங்கள் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: குடும்பம் ஏற்றுக்கொண்டது. சோறு போடுகிறார்கள், அறை கொடுத்திருக்கிறார்கள். இதைவிட நல்ல வீடு நமக்கு எத்தனை பேருக்குக் கிடைத்தது? கையெழுத்து வாங்கு, போட்டோ எடு, கிளம்பி வா. உனக்கும் குழந்தை இருக்கிறது.

எனக்கும் குழந்தை இருக்கிறது. அன்று அந்த வாக்கியம் மட்டும் என்னைச் சுட்டது. அப்போது கையெழுத்து வாங்கியிருந்தால் ராத்திரி பஸ் பிடித்து மறுநாள் அவளைத் தூக்கியிருக்கலாம். படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவும் செய்தேன். ஏழுமலை அவசரமாகப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

கஸ்தூரியக்காவிடம் போய்க் கேட்டேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று. இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை அவரிடம் பேசி எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் “ஊருக்குப் போகணும்” என்று சொல்வார். ஒவ்வொரு மாதமும் நான் “குடும்பத்துடன் சேர விரும்புகிறார்” என்று எழுதுவேன். படிவத்தில் குடும்பத்துக்குத்தான் கட்டம் இருந்தது.

“திருணாமல தெரு தெரியும், கடை தெரியும், யாரு எப்பிடின்னு தெரியும். அதனால ஊருக்குப் போவணும்னு சொன்னேன். தம்பி வூட்டுல இருக்கணும்னு எப்பச் சொன்னேன் மேடம்?”

சொல்லவில்லை. கோப்பை மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இருபத்து நாலு மாதம் நான் கேட்டதாக நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன். அக்கா இன்றைக்கு என்னோடு டவுனுக்கு வருகிறார் என்று ஏழுமலையிடம் சொன்னேன்.  

கடைசி மினி பஸ் போய்விட்டிருந்தது. ஒரு பால் வண்டியை நிறுத்தி ஏறினோம். காலிக் கேன்கள் ஒவ்வொரு பள்ளத்திலும் எங்கள் மேல் வந்து சாய்ந்தன. ஓட்டுநர், தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாவா என்று என்னைக் கேட்டார். சமூகப் பணியாளர் என்றேன். அப்படின்னா என்ன வேலை என்றார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே கஸ்தூரியக்கா சொல்லிவிட்டார்: “இட்டுனு வர்றது, இட்டுனு போறது. நீ பண்ற வேலதான்.” ஓட்டுநருக்கு அந்தப் பதில் பிடித்துப்போய், கூட்டுரோட்டில் இறக்காமல் டவுன் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

முதுகலை முதல் வருடத்தில் சமூகப் பணியின் களங்கள் என்று ஒரு பாடம் இருந்தது. மருத்துவமனை, பள்ளி, சிறை, தொழிற்சாலை, குழந்தைகள் நலம், முதியோர் நலம் என்று வட்டம் வட்டமாகப் படம் போட்டு நல்ல மதிப்பெண் வாங்கினேன். எந்த வட்டத்திலும் கால் வைக்காமல் பால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது, இந்த வேலையைச் செய்யத் தெரியாமலே சேர்ந்துவிட்டேனோ என்று தோன்றியது. தம்பி வீட்டிலிருந்து கூட்டிவந்தாயிற்று. இனி எங்கே? திரும்பக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனால் அங்கேயே சாகும்வரை இருப்பார். எங்களிடம் அப்படி இருந்து செத்தவர்கள் உண்டு. குடும்பம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை நிறுவனத்தில் வைத்திருக்கக் கூடாது என்று மனநலச் சட்டத்தில் இருக்கிறது. நான் அதைத் தேர்வுக்குப் படித்திருக்கிறேன். என்னிடம் இன்னும் இரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் காலை வேங்கிக்கால். அங்கே புதுக் குடியிருப்புகளுக்கு நடுவில் ஒரு தனியார் பெண்கள் விடுதி இருப்பதாகச் சொன்னார்கள். வார்டன் மரியாதையாகப் பேசினார். உள்ளூர்ப் பாதுகாவலர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். வெளியே வந்ததும் கஸ்தூரியக்கா, “என் வயசுக்கு அந்த வார்டனுக்கே நான் கார்டியனா இருக்கலாம்” என்றார்.

அடுத்தது அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. மாத்திரை தொடராவிட்டால் மற்றதெல்லாம் வீண். அங்கே ரேவதி என்று ஒரு சமூகப் பணியாளர், என் வயதுதான் இருக்கும். அறைக்குள் அவருக்கு மேசை இருந்தும் வெளியே நடைபாதையில், வாசலுக்குப் போகும் வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

“உள்ள இருந்தா வர்றவங்களத்தான் பாக்க முடியும். இங்க இருந்தாதான் மாத்திர வாங்காம திரும்பிப் போறவங்களப் பாக்கலாம்.”

எந்தப் பாடத்திலும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. கஸ்தூரியக்காவின் மருந்துச் சீட்டுகளை எல்லாம் பார்த்துப் புதுக் குறிப்பேடு போட்டுக் கொடுத்தார். ஒரு மாதம் வராவிட்டால் போன் செய்வேன், இரண்டு மாதம் வராவிட்டால் நேரில் போவேன், அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள் என்றார். என்னைத் தனியே கூப்பிட்டு, நீங்கள் செய்வது சரிதான், ஆனால் ஏதாவது ஆனால் ஒருத்தரும் உங்கள் பக்கம் நிற்க மாட்டார்கள் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

பசித்தது. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் சின்ன மெஸ். நடத்துகிறவர் பெயர் தேவகி. பக்கத்து மேசையில் வெள்ளைக்காரப் பெண் ஒருவர், காரமில்லாமல், எண்ணெய் இல்லாமல், உப்பும் கம்மியாக ஏதாவது கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தேவகி அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டே, “அப்ப தட்டதான் கழுவிக் குடுக்கணும்” என்று தமிழில் சொன்னார்.

கஸ்தூரியக்கா சாம்பாரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பருப்பு வேகாமலே புளியை ஊற்றியிருக்கிறீர்கள், இனி அது ஜென்மத்துக்கும் வேகாது என்றார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

“சாப்புட வந்தியா, இன்ஸ்பெக்சனுக்கு வந்தியா?” என்றார் தேவகி.

“ரெண்டுக்கும்தான். யாரு சமைச்சது?”

“நான்தான். சமையல்காரி பொண்ணுக்குப் பிரசவம்னு போயிட்டா. நாளைக்கு பௌர்ணமி. நீ வேற வந்து வெந்த புண்ல வேலப் பாய்ச்சாத.”

“எத்தன படி போடுவ?”

தேவகி கரண்டியைக் கீழே வைத்தார். அதன்பின் அவர்கள் பேசியதில் எனக்கு இடமில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனை பேருக்குச் சமைத்தார், விறகா கேஸா, சம்பளம் என்ன என்று பேச்சு போனது. நான் மட்டும் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். நோயைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, கூடாதா? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் நாளை ஏதாவது என்றால் ஏமாற்றியதாகும். எனக்கு அந்தச் சிக்கலைக் கஸ்தூரியக்கா விட்டுவைக்கவில்லை.

“தோ பாரும்மா. எனக்கு மூளைக்கு மாத்திர உண்டு. அஞ்சு வருசம் முன்னால தெருவுல திரிஞ்சவ நான். இப்ப நல்லா இருக்கறேன். ராத்திரி மாத்திர போட்டா எட்டு மணிக்கெல்லாம் தூக்கம் வரும். அதுக்கு மேல பாத்திரம் தேய்க்கச் சொல்லக் கூடாது.”

தேவகி அவரை மேலும் கீழும் பார்த்தார். 

“எனக்கு சுகருக்கு ரெண்டு, பிரசருக்கு ஒண்ணு. நீ போடறத மறந்தா நான் சொல்றேன். நான் மறந்தா நீ சொல்லு. மேல ரூம்புல ரெண்டு பொண்ணுங்க தங்கியிருக்குதுங்க. கூட இருந்துக்க. சாம்பார் நல்லா இல்லன்னா அன்னிக்கே அனுப்பிடுவேன்.”

கஸ்தூரியக்கா மாடிக்குப் போய் அறைக் கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறந்தார்.

பௌர்ணமியன்று காலை ஏழு மணிக்கே ஆட்டோக்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். நான் லாட்ஜிலிருந்து நடந்தே போனேன். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து ஒரே திசையில் நகரும் கூட்டத்தில் நான் ஒருத்திதான் மலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நடந்தவளாக இருப்பேன். மெஸ்ஸில் கஸ்தூரியக்கா பெரிய அண்டாவுக்கு முன்னால் சேலையைச் செருகிக்கொண்டு நின்றார். நான் வெங்காயம் உரித்து நறுக்கினேன். என் வெங்காயம் தடிமனாக இருப்பதாக மூன்று பேர் சொன்னார்கள்.

பதினொரு மணிக்கு ஏழுமலையும் வசந்தாவும் வந்தார்கள். எங்கே இருக்கிறோம் என்று நான்தான் போனில் சொல்லியிருந்தேன். மறைப்பது தப்பு என்று தோன்றியது. சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஏழுமலை குரலை உயர்த்தினார். திரும்பி வந்த அக்காவை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளாமல் விரட்டிவிட்டான் என்று ஊரே பேசுகிறதாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கஸ்தூரியக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார்.

“நீ தொரத்துனியா? இல்ல. நான் ஓடிட்டனா? இல்ல. அக்கா வேலைக்கிப் போயிருக்கறான்னு சொல்லு. உன் மச்சான் பெங்களூருக்கு வேலைக்கிப் போனப்போ ஊரு கேட்டுச்சா?”

“மறுபடியும் காணாம போயிட்டா?”

“தேடு. போன வாட்டி தேடுனல்ல.”

ஏழுமலை உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடம் கேட்டார், உங்கள் வீட்டு ஆளாக இருந்தால் இப்படி விட்டுவிட்டுப் போவீர்களா மேடம் என்று.

போவேன் என்று சொன்னேன். சட்டென்று, சத்தமாகச் சொன்னேன்.  என் மகளை நாலு நாள் அவள் அப்பாவிடம் விட்டதற்கே நாலு பக்கம் எழுதி ஒட்டியவள் நான். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதும் எடுத்துக்கொள்ளவில்லை.

கஸ்தூரியக்கா தம்பிக்கும் வசந்தாவுக்கும் இலை போட்டுப் பரிமாறினார். திங்கட்கிழமை மெஸ் விடுமுறை, அன்றைக்கு ஊருக்கு வருவேன், கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல் என்றார். ஏழுமலை சாப்பிட்டார். சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

மதியம் கூட்டம் குறைந்ததும் படிவத்தை எடுத்தேன். ஏழுமலை, தான் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டார். போட்டிருந்தால் எனக்கு எந்தச் சிக்கலும் வந்திருக்காது. அவருக்கும் ஊரில் ஒரு பதில் கிடைத்திருக்கும். ஆனால் அது பொய். அவர் யாரையும் பெற்றுக்கொள்ளவில்லை. பேனாவைக் கஸ்தூரியக்காவிடம் கொடுத்தேன். பெற்றுக்கொள்பவர் என்ற இடத்தில் அவர் தன் பெயரை நிதானமாக எழுதினார். உறவுமுறை என்ற இடத்துக்கு வந்ததும், இங்கே என்ன எழுதுவது என்று கேட்டார். ‘தானே’ என்று எழுதச் சொன்னேன். எழுதினார். புகைப்படத்தில் அவர் மட்டும் கரண்டியோடு நிற்கிறார். சிரிக்கச் சொன்னேன், சிரிக்கவில்லை. சாம்பார் அடிப்பிடிக்கப் போகிறது, சீக்கிரம் எடுங்கள் என்றார்.

அன்று இரவு பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன். வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் என்னை யாரோ மாதிரி பார்த்துவிட்டு ராபின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்துத்தான் என்னிடம் வந்தாள். அந்த அரை மணி நேரத்தை யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

காப்பகத்தில் படிவத்தைப் பார்த்த ஒருங்கிணைப்பாளர், முதலில் நான் தவறான இடத்தில் கையெழுத்து வாங்கிவிட்டதாக நினைத்தார். சரியான இடம்தான் என்றேன். அடுத்த வாரம் எழுத்தில் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. முதலில் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள், பிறகு நீட்டித்தார்கள். கஸ்தூரியக்கா இதுவரை இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கியிருக்கிறார். இரண்டாம் முறை இரண்டு நாள் தாமதம். அந்த இரண்டு நாளும் நான் என்ன நிலையில் இருந்தேன் என்று ராபினைக் கேட்க வேண்டும். மெஸ்ஸில் கல்யாண ஆர்டர் இருந்ததாம், அதனால் போக முடியவில்லையாம். அவருக்கு மறுபடி உடம்பு கெடாது என்று என்னால் சொல்ல முடியாது. கெட்டால் பழி என் மேல்தான். தெரிந்தேதான் செய்தேன்.

வரும் திங்கட்கிழமைக்குள் பதில் கொடுக்க வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டாம் பத்தியில் ‘வருந்துகிறேன்’ என்ற சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. சிறுவயதிலிருந்து நல்ல பிள்ளையாக இருந்து பழகிய கை வேறு மாதிரி எழுத மறுக்கிறது. ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். நீங்கள் எந்த அலுவலகத்தில் வேலை செய்கிறவராக இருந்தாலும் சரி, வருத்தம் தெரிவிக்காமல், வேலையையும் இழக்காமல், இப்படி ஒரு விளக்கம் எழுதியிருந்தால் அதை எப்படித் தொடங்கினீர்கள், எப்படி முடித்தீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து நடக்காது, ஒன்றைத்தான் விடாமல் வைத்துக்கொள்ள முடியும் என்றால், எதை என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அதை முடிவு செய்துவிட்டேன். கடிதம் மட்டும்தான் எழுத வரவில்லை.